கம்பெனிக்குக் கடன் உண்டு, கூரைக்கு இல்லையா?

வேலை தேடாதே, வேலை கொடுப்பவனாக மாறு என்று நம் பிள்ளைகளிடம் அரசுகள் பத்து வருடமாகச் சொல்லி வருகின்றன. 2016 ஏப்ரல் 5இல் ஒன்றிய அரசு ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்காவது, ஒரு பெண்ணுக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தொழில்கடன் தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 35 சதவீத மூலதன மானியமும் (உச்சவரம்பு ஒன்றரைக் கோடி) 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. இரண்டையும் வரவேற்போம். ஆனால் இப்படித் தொழில் தொடங்கியவர் நாலு வருடம் கழித்து வீடு கட்டக் கடன் கேட்டால் என்ன நடக்கிறது? அதை யாரும் பேசுவதில்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலையேறினால் பாச்சலூர். காப்பி, மிளகு, மலைவாழை விளைகிற கீழ்ப்பழனி மலை. தோட்டம் ஒருவருக்கு, கூலி இன்னொருவருக்கு என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் கணக்கு. அந்தப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். மிளகும் காப்பியும் கொள்முதல் செய்து, தரம் பிரித்து விற்க ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தார். அவரும் அவர் மனைவியும்தான் இயக்குநர்கள். தொழில்கடன் கிடைத்தது. ஒரு தவணைகூடத் தவறவில்லை. வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது, "உங்களுக்கு நிலையான வருமானம் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கு வருமானம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் கம்பெனி ஒரு தனி ஆள். அதன் லாபம் அதனுடையது, இயக்குநருடையது அல்ல. இயக்குநர் கையில் வருவது சம்பளமும் பங்காதாயமும் மட்டும்தான். ஒரு கம்பெனி வருடத்துக்கு 9 லட்சம் லாபம் ஈட்டுகிறது, இயக்குநர் மாதம் 20,000 மட்டும் சம்பளமாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதியைக் கம்பெனியிலேயே விடுகிறார், ஏனென்றால் அடுத்த அறுவடைக்குச் சரக்கு வாங்க அவருக்கு வேறு முதல் கிடையாது. வீட்டுக்கடன் பிரிவு அவருடைய தனிப்பட்ட வருமானவரி ரிட்டர்னைத்தான் முதலில் பார்க்கும். அதில் இருப்பது 2 லட்சத்து 40 ஆயிரம். மாத வருமானத்தில் பாதி வரை தவணைக்கு அனுமதிக்கிறார்கள் என்றாலும் 10,000தான். 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு அந்தத் தவணை சுமார் 11 லட்சம் கடனைத்தான் தாங்கும். அதே ஆள் மாதம் 50,000 சம்பளம் எடுத்திருந்தால் சுமார் 28 லட்சம் கிடைத்திருக்கும்.

ஒரே ஆள், ஒரே உழைப்பு, ஒரே லாபம். தன் வயிற்றைக் கட்டித் தொழிலை வளர்த்த சிக்கனத்தை வங்கி வறுமை என்று படிக்கிறது.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. வருமானத்தைக் கணக்கிடும்போது கம்பெனி வேறு, நீ வேறு. ஆனால் கம்பெனி வாங்கிய கடனுக்கு இயக்குநரிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கும்போது மட்டும் கம்பெனியும் நீயும் ஒன்று. அந்த ஜாமீன் வீட்டுக்கடன் மேசையில் உங்கள் தலைமேல் உள்ள சுமையாக வந்து நிற்கும். லாபம் உங்களுடையது இல்லை, கடன் மட்டும் உங்களுடையது!

எல்லாச் சாதி இயக்குநருக்கும் இதே விதிதானே என்று கேட்பார்கள். விதி ஒன்றுதான். ஆனால் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அப்பா இணை விண்ணப்பதாரராக வருவார், பெரியப்பா ஜாமீன் போடுவார், தாத்தா பெயரில் தெளிவான பட்டா இருக்கும். நமக்கு அந்த மூன்றும் இல்லை. "கடன் பெறும் தகுதி" என்று வங்கி எழுதுவதில் பாதி, பரம்பரையாக வந்த சொத்துதான்.

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பத்து வருடத்துக்கு விற்க முடியாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை உண்டு. நமக்குத் தரப்படும் வீட்டுமனைப் பட்டாக்களும் பெரும்பாலும் நிபந்தனைப் பட்டாக்கள்தான். 2006 வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடிகளுக்குத் தரும் நில உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்க முடியாது. நிலம் மறுபடி ஆதிக்கசாதி கைக்குப் போகக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. வங்கியோ, ஏலம் விட முடியாத சொத்து என்று ஒதுக்கிவிடுகிறது. நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று கேட்பது தற்கொலைக்குச் சமம். எடுத்தால் நிலமே போய்விடும். தவணை தவறினால் அந்த மனையை அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்டு வங்கிக்குப் பணம் கட்டும், பிறகு நம் மக்களில் ஒருவருக்கே கொடுக்கும் என்ற உத்தரவாதத்தைத்தான் கேட்க வேண்டும்.

படித்துவிட்டுத் தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள்.

கம்பெனி பதிவு செய்த முதல் வருடமே, தொழில் தாங்கும் அளவுக்கு ஒரு சம்பளத்தை உங்களுக்கு நிர்ணயம் செய்யுங்கள். அது மாதாமாதம் வங்கிக் கணக்கு வழியாக வரட்டும், ஃபார்ம் 16 இருக்கட்டும். வரிக்குப் பயந்து குறைக்க வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வருமானவரி கிடையாது. அதே பணம் கம்பெனி லாபமாக நின்றால் அதற்கு 22 அல்லது 25 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. மூன்று வருட ரிட்டர்னையும் ஆடிட் செய்த கணக்கையும் ஒழுங்காக வைத்திருங்கள். வீட்டுச் செலவையும் கம்பெனிச் செலவையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். லாபத்தில் உங்கள் பங்கையும், கணக்கில் கழித்த தேய்மானத்தையும் சேர்த்து வருமானத்தை மதிப்பிடுகிற வங்கிகளும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே அதைக் கேளுங்கள்.

மறுத்தால் சும்மா எழுந்து வராதீர்கள். எந்தக் கடன் விண்ணப்பத்தை நிராகரித்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2007இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பங்களைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலையில்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். பாச்சலூர் தம்பிக்கு இரண்டும் நடக்கவில்லை. வாய்வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது. எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதெல்லாம் தனிமனிதர் செய்ய வேண்டியது. ஆனால் கணக்கைச் சரியாக எழுதுவதால் மட்டும் சாதி கரைந்துவிடாது. ஸ்டாண்ட் அப் இந்தியாவையே பாருங்கள். கிளைக்கு இருவர் என்று சம எண்ணிக்கையில் விதி வைத்தார்கள். 2024 நவம்பரில் பெண்களின் கணக்குகள் சுமார் 1.9 லட்சம். பட்டியல் சாதியினரின் கணக்குகள் 46,248, பழங்குடியினருடையது 15,228. பெண்களுக்குக் கிடைத்தது நல்லதே. நம் பக்கம் விதி ஏன் நொண்டியது என்பதுதான் கேள்வி. தொழில்கடனிலேயே இந்தக் கதி என்றால், இடஒதுக்கீடே இல்லாத வீட்டுக்கடனில் என்ன எதிர்பார்க்க முடியும்?

தாட்கோ 1974இல் தொடங்கியது. அதுவும் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு கம்பெனிதான். அதன் முழுப்பெயர் தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம். வீடும் மேம்பாடும் ஒரே பெயரில் இருக்கின்றன, நடைமுறையில் இரண்டும் சந்திப்பதில்லை. அரசுத் திட்டத்தில் கடன் வாங்கி, மூன்று வருடம் தவணை தவறாமல் கட்டிய ஒவ்வொரு தலித், பழங்குடித் தொழில்முனைவோரின் வீட்டுக்கடனுக்கும் தாட்கோ ஜாமீன் நிற்க வேண்டும். நிபந்தனைப் பட்டா மனைக்கும் அந்த ஜாமீன் செல்ல வேண்டும். மாணவர் அமைப்புகள் அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில் இதை ஒரு வரியாகவாவது சேருங்கள். முதலாளி என்று பட்டம் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் விட்டால் அதற்குப் பெயர் மேம்பாடு இல்லை.

ஜெய்பீம்.