செம்பருத்திக்கு எத்தனை குடம்?

போன வாரம் இன்டர்னல் டெஸ்ட் புண்ணியத்துல நமக்கு லீவு. இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் ஈரமானது. வாசல்ல இருக்கிற பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறது எப்படி?

'இதெல்லாம் ஒரு மேட்டரா?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். குழாயைத் திறந்தா நல்ல தண்ணி கொட்டுற ஏரியாவுல இது ரெண்டு மார்க் கேள்விதான். எங்க சடையங்குப்பத்துல இது ஒரு முழு பேப்பர். சீசனுக்கு ஒரு யூனிட் வீதம் மொத்தம் நாலு யூனிட்!

முதல்ல ஏரியா அறிமுகம். வடசென்னையில மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவுல எங்க ஊர். ஒரு பக்கம் ரிஃபைனரி, உரக் கம்பெனி, புகைபோக்கி. இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு. கொஞ்ச தூரத்துல கடல். ரோட்டுல ராத்திரி பகலா கன்டெய்னர் லாரி. இவ்வளவுக்கு நடுவுலயும் வாசலுக்கு வாசல் ஏதாவது ஒரு பூச்செடி நிக்கும். அதுல ஹீரோயின், சிவப்புச் செம்பருத்தி. பூ சாமி படத்துக்கு, இலை அரைச்சு தலைக்கு. மலேசியாவோட தேசியப் பூவும் இதேதாங்க.

ஒரு பூவுக்கு ஆயுசு ஒரே நாள். அதனால செடி மொட்டு விட்டுக்கிட்டே இருக்கணும். தண்ணியில கொஞ்சம் பிசகினா மொட்டு விரியாமலே உதிர்ந்துடும். மண் காய்ஞ்சாலும் உதிரும், வேர்ல தண்ணி தேங்கினாலும் உதிரும். செம டென்ஷன் பார்ட்டி!

உப்புக் கணக்கு

எங்க தெரு போர் தண்ணியில சோப்பு நுரைக்காது. பக்கெட்ல வெள்ளையா படியும். காரணம் கொஞ்சம் பழசு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை ஊருக்கும் தொழிற்சாலைக்கும் அளவுக்கு மீறி உறிஞ்சினதுல கடல் தண்ணி உள்ளே நுழைய ஆரம்பிச்சதை 1960-களோட கடைசியிலேயே ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சுட்டாங்க. நல்ல தண்ணி கீழே இறங்க இறங்க, கடல் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க'ன்னு உள்ளே வந்துட்டுது.

இப்ப ஒரு சின்ன கணக்கு. குடிநீர்ல கரைஞ்ச உப்பு (அதான் டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேற வழியே இல்லேன்னா 2000 வரைன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. கடல் தண்ணியில சுமார் 35,000. நம்ம போர் தண்ணி அந்த 2000-லயே நிக்குதுன்னு வெச்சுப்போம். 10 லிட்டர் பக்கெட்ல 20 கிராம் உப்பு. தினம் ஒரு பக்கெட் ஊத்தினா 100 நாள்ல 2 கிலோ! தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு எங்கே போகும்? அங்கேயே வேர்ப் பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்கும். செம்பருத்தி உப்பை ரொம்பத் தாங்காது. முதல்ல இலை ஓரம் கருகும், அப்புறம் பூ சின்னதாகும், அப்புறம் மொட்டு உதிரும்.

இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கிட்டு யூனிட்டுக்கு வருவோம்.

யூனிட் 1: தை, மாசி

பனி முடிஞ்சு வெயில் ஆரம்பிக்கிற நேரம். மண்ணுல மழை ஈரம் மிச்சமிருக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை போதும். ஆனா, ஊத்துறப்ப முழுசா ஊத்தணும். தினம் ஒரு மக் மட்டும் தெளிச்சா ஈரம் மேலாகவே நிக்கும், உப்பும் மேலாகவே சேரும். ஒரேயடியா நிறைய ஊத்தினா தண்ணி கீழே இறங்குறப்ப உப்பையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். கவாத்து பண்றதுன்னாலும் இப்பவே முடிச்சிடுங்க.

யூனிட் 2: பங்குனி, சித்திரை, வைகாசி

இதுதான் அரியர் வைக்கிற யூனிட். அக்னி நட்சத்திரத்துல மண்ணுல நட்ட செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், தொட்டிச் செடிக்கு தினமும் தண்ணி வேணும். ஆனா, அப்பதான் மனுஷனுக்கே தண்ணி இருக்காது!

2019 ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காய்ஞ்சு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்தது. எங்க தெருவுல லாரி வந்தா குடம் குடமா க்யூ. "குடிக்கவே காணோம், இதுல செடிக்கு வேறயா?"ன்னு அம்மா முறைச்சாங்க. நியாயமான கேள்விதானே? எதிர் வீட்டு ஆயாதான் பதில் சொல்லுச்சு. "அரிசி கழுவுன தண்ணிய இன்னாம்மே பண்ணப் போற, குடிக்கவா போற? எடுத்தாந்து இதுல ஊத்து."

அவ்வளவுதாங்க டெக்னாலஜி! அரிசி கழுவின தண்ணி, காய்கறி அலசின தண்ணி எல்லாம் ஒரு பழைய பெயின்ட் டப்பாவுல சேரும். சாயங்காலம் வெயில் தாழ செடிக்குப் போகும். லாரித் தண்ணியில போர் தண்ணி அளவுக்கு உப்பு இல்லை. அதனால ரெண்டாவது ரவுண்டு வந்தாலும் செடிக்கு அது அமிர்தம். துணி துவைச்ச தண்ணி மட்டும் வேண்டாம். சோப்புல இருக்கிற சோடியம் மண்ணைக் கெட்டி ஆக்கிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணியில உள்ளே போனதைவிட உப்பு அதிகம். அதனால அதையும் அப்படியே ஊத்தாதீங்க. ஏ.சி. சொட்டுற தண்ணி கிடைச்சா விடாதீங்க, அதுல உப்பே இல்லைன்னு சொல்லலாம்.

இன்னொரு ஐடியா. கரும்பு ஜூஸ் வண்டியில சக்கையைக் கேட்டு வாங்கி, நல்லா காய வெச்சு, வேரைச் சுத்திப் பரப்புங்க. தண்ணி ஆவியாகுறது குறையும்.

யூனிட் 3: ஆனியிலிருந்து புரட்டாசி வரை

பகல்ல புழுக்கம், சாயங்காலம் திடீர்னு இடி மழை. ரோட்டுத் தூசி எல்லாம் இலை மேலதான். தூசி மூடின இலைக்கு வெளிச்சம் சரியாக் கிடைக்காது. காலையில இலையை லேசா அலசிவிடுங்க, உப்புத் தண்ணி வேண்டாம். மாவுப்பூச்சி வந்தா தண்ணியை வேகமா பீய்ச்சி அடிங்க, பாதிக்கு மேல ஓடிடும். தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி விரலை மண்ணுல விட்டுப் பாருங்க. ரெண்டு இஞ்ச் கீழே ஈரமா இருந்தா அன்னிக்கு லீவு. விரலைவிட நல்ல மீட்டர் எந்த லேப்லயும் இல்லை!

யூனிட் 4: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி

சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதுல பாதிக்கு மேல இந்த சீசன்ல கொட்டிடும். உப்பைக் கழுவித் தள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனா, கொட்டின தண்ணி வடியணுமே!

2015, 2021... கொசஸ்தலை ஆத்துல வெள்ளம் வந்தப்ப எல்லாம் எங்க பக்கம் மூழ்குச்சு. செடி தண்ணிக்குள்ள நின்னா வேருக்குக் காத்து இல்லை. வேர் மூச்சுத் திணறினா இலை வாடும். 'வாடியிருக்கே, தாகம் போல'ன்னு வெள்ளம் வடிஞ்ச மறுநாளே குடத்தைத் தூக்கிடாதீங்க. மண்ணை லேசா கிளறிவிட்டுட்டு, தண்ணியை நிறுத்துங்க. புதுசா நடுறவங்க ஒரு அடி மேடு கட்டி நடுங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் கறுப்பு. எண்ணெய் மூடின மண்ணுல காத்தும் இறங்காது, தண்ணியும் இறங்காது. எத்தனை குடம் ஊத்தினாலும் அதுக்கு மருந்தில்லை. அந்த பாடத்துக்கு யூனிட்டும் இல்லை, சிலபஸும் இல்லை.

மழை நல்லபடியா வந்தா விட்டுடாதீங்க. 10 சதுர மீட்டர் கூரையில 10 மில்லிமீட்டர் மழை விழுந்தா 100 லிட்டர். அதாவது பத்து பக்கெட், உப்பே இல்லாம! முதல் மழையில கூரைத் தூசி போகட்டும், அடுத்ததைப் பிடிங்க. டிரம்மை இறுக்கி மூடுங்க, இல்லேன்னா கொசு டிரம்முக்குள்ள ஹாஸ்டல் நடத்தும்.

வைவா கேள்வி

எங்க தெருவுல ரெண்டு வாசல்ல செம்பருத்தி போய் அரளி வந்தாச்சு. அரளி உப்பைத் தாங்கும், பூவும் அழகுதான். ஆனா செடி முழுக்க விஷம், ஆடும் குழந்தையும் இருக்கிற தெருவுல உஷாரா இருக்கணும். என் கவலை வேற. இப்படி ஒவ்வொரு வாசலா செடி மாறிட்டே வந்தா, மண்ணுக்கடியில என்ன நடக்குதுன்னு அந்தத் தெரு தன்னால சொல்லுது. நாமதான் 'அரளி நல்லா வளருதுல்ல'ன்னு கடந்து போயிடுறோம்.

அதனால ஹோம்வொர்க். உங்க காலேஜ் லேப்ல டி.டி.எஸ். மீட்டர் கண்டிப்பா இருக்கும். ஒரு பாட்டில்ல உங்க தெரு போர் தண்ணியைக் கொண்டுபோய் அளந்து பாருங்க. தெருப் பேர், தேதி, நம்பர் மூணையும் எழுதி அனுப்புங்க. வெயில்ல ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவை. நாலு ஏரியா நம்பர் சேர்ந்தா, நாமளே ஒரு மேப் போட்டுடலாம். மாநகராட்சி ஆபீசுக்குப் போய், 'சார், தண்ணி உப்பா இருக்கு'ன்னு சொல்றதைவிட, 'சார், இதோ நம்பர்'னு நீட்டுறது கெத்துதானே?

சரி, பெயின்ட் டப்பா நிறைஞ்சிடுச்சாம், அம்மா கூப்பிடுறாங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!