உளச்சார்பும் ஊர்ச்சார்பும்

ஒரு கூற்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருமாயின், அது ஆராயப்படாமலே உண்மையென்று கொள்ளப்படும் நிலையை அடைந்துவிடுகின்றது. உளச்சார்பு வினாக்களைப் பற்றி இலங்கையிலே வழங்கும் கூற்று அத்தகையது. வரலாறு, விஞ்ஞானம் முதலிய பாடங்களிலே வினாத் தொடுத்தால் நூலும் ஆசிரியரும் வாய்க்கப்பெற்ற பிள்ளையே வெல்லும். எண்தொடர், உருவத்தொடர், குறியீட்டு மொழி, திசை, உறவுமுறை ஆகியவற்றிலே வினாத் தொடுத்தாலோ பிறவியில் அமைந்த அறிவு மட்டுமே வெளிப்படும். ஆதலால் வறிய பிள்ளைக்கு இதனினும் நேர்மையான பரீட்சை வேறில்லை என்பதே அக்கூற்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் முதலாம் வினாத்தாள் இதன் மேலேயே நிற்கின்றது. அரசாங்க சேவைகளுக்கு ஆட்சேர்க்கும் போட்டிப் பரீட்சைகளிலும் இதுவே ஆட்சி செய்கின்றது. மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் வாயிலில் நின்று நோக்குவார்க்கு இக்கூற்று எத்துணைப் பொய்ம்மையுடையது என்பது புலனாகும்.

இப்பரீட்சையின் பிறப்பு நினைவுகூரத்தக்கது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்த 1940களில் நாட்டுப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. கிராமத்து வறிய பிள்ளைகளுள் ஆற்றலுடையாரைத் தெரிந்தெடுத்து அங்கே படிப்பிக்கும் பொருட்டே புலமைப்பரிசில் வகுக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது; அதில் ஐயமில்லை. ஆயின் அவ்வுயர்ந்த நோக்கத்தின் எல்லைக்குள் தோட்டத்துப் பிள்ளை அன்று இருக்கவில்லை. தோட்டப் பாடசாலை, தோட்ட நிருவாகத்தின் கீழ், பெரும்பாலும் ஓராசிரியரோடும் ஓரறையோடும் கிடந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளையின் பெற்றோரை நாடற்றோராக்கிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஒரு தலைமுறை பிந்தி வந்தவரை நிறுத்திவைத்து, இனி எல்லார்க்கும் ஒரே வினாத்தாள் என்று அறிவித்தல் நடுநிலைமை போலத் தோன்றும், நடுநிலைமை அன்று.

எல்கடுவைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலே ஐந்தாந்தரத்தில் படிக்கும் சிறுமி ஒருத்தியையும், மாத்தளை நகரிலே மாதச் சம்பளம் பெறும் அலுவலர் ஒருவரின் மகனையும் எண்ணிப் பார்க்கலாம். அச்சிறுவன் மூன்றாந்தரத்திலிருந்தே சனி, ஞாயிறுகளில் ரியூசன் வகுப்புக்குச் செல்கின்றான். கடந்தகால வினாத்தாள்கள் ஒரு கட்டும், மாதிரி வினாத்தாள்கள் ஒரு கட்டுமாக அவன் மேசைமேல் உள்ளன. எண்தொடர் வினாவைக் கண்டால் முதலில் வித்தியாசத்தை எழுது, வித்தியாசத்தின் வித்தியாசத்தை அடுத்து எழுது, அதுவும் வாராவிடின் வர்க்கங்களோடு ஒன்றைக் கூட்டிப் பார் என்று அவனுக்குப் படிமுறை சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. 2, 5, 10, 17 என்பதைக் கண்ட மாத்திரத்தே 26 என்று எழுதிவிடுவான். அவன் சிந்தித்தான் என்று யாரும் சொல்லார். இனங்கண்டான் என்றே சொல்ல வேண்டும். அச்சிறுமியோ அத்தொடரை வாழ்நாளில் முதன்முறையாகப் பரீட்சை மண்டபத்திலே காண்கின்றாள். அவள் உண்மையிலேயே சிந்திக்கின்றாள். முதலாம் வினாத்தாள் நாற்பது வினாக்களை ஒரு மணி நேரத்திற் கேட்பது. வினாவொன்றுக்கு ஒன்றரை நிமிடம். சிந்திப்பவள் இருபதாம் வினாவில் நிற்க, இனங்கண்டவன் நாற்பதையும் முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்நிலையில் சிந்தனையை அளப்பதாகச் சொல்லும் வினாத்தாள் சிந்தித்தவளுக்கே தண்டம் விதிக்கின்றது.

பயிற்சியாற் புள்ளி உயராது என்று வாதிடுவோர், அப்பயிற்சியை விற்கும் வகுப்புகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் கூற வேண்டும். 2024 செப்டெம்பர் 15 இல் நடைபெற்ற புலமைப்பரிசிற் பரீட்சையில் நிகழ்ந்ததையும் அவர்கள் சிந்திப்பார்களாக. அன்று முன்கூட்டியே கசிந்த மூன்று வினாக்களும் முதலாம் வினாத்தாளுக்கு, அதாவது பிறவியறிவை அளக்குமென்று சொல்லப்படும் தாளுக்கு, உரியவை. நாடெங்கும் பெற்றோர் கொதித்தெழுந்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அம்மூன்று வினாக்களுக்கும் பரீட்சார்த்திகள் அனைவர்க்கும் புள்ளி வழங்குமாறு 2024 டிசெம்பர் 31 இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு நேரியதே. ஆயினும் அக்கொதிப்பிலே மறைந்து கிடந்த ஒரு முரணை எவரும் சுட்டவில்லை. வினாவை ஒருநாள் முன்பு கண்டால் அது குற்றம். அதே வகை வினாவை மூன்றாண்டு முன்பிருந்து பணங்கொடுத்து வாரந்தோறும் கண்டால் அது தகைமை. முன்னையதால் ஆறு புள்ளியோ ஏழு புள்ளியோ பிழைபட்டிருக்கலாம். பின்னையதால் ஆண்டுதோறும் பிழைபடுவனவற்றை எந்த நீதிமன்றமும் கணக்கெடுத்ததில்லை.

இவ்வகை வினாக்கள் பிறவியறிவை அளப்பனவா, பள்ளிப் பழக்கத்தை அளப்பனவா என்னும் வினா புதியதன்று. சோவியத் உளவியலறிஞர் அலெக்சாந்தர் லூரியா 1931, 1932 ஆகிய ஆண்டுகளிலே உஸ்பெக்கிஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்று எழுத்தறியா உழவரிடம் தருக்க வினாக்களைக் கேட்டார். பனி மூடிய வடபுலத்துக் கரடிகள் யாவும் வெண்ணிறத்தன, குறித்த ஓர் இடம் அவ்வடபுலத்தில் உள்ளது, அங்குள்ள கரடி என்ன நிறம் என்பது அவற்றுள் ஒன்று. தாம் அங்கே சென்றதில்லை என்றும், காணாததைப் பற்றி எவ்வாறு சொல்லலாம் என்றும், சென்று வந்தவரைக் கேட்பதே முறை என்றும் அவ்வுழவர் விடையிறுத்தனர். அவர்கள் அறிவிலிகளோ? தம் நிலத்தைப் பற்றியும் பயிரைப் பற்றியும் கேட்டபோது மிகச் செம்மையாகக் காரணகாரியம் காட்டினர். சிறிது காலம் பள்ளிக்குச் சென்றவர்களோ கரடி வினாவுக்கு எளிதில் விடை சொன்னார்கள். சொல்லப்பட்டதை மட்டும் கொண்டு, உலகை மறந்து, முடிவுக்கு வருதல் என்பது பள்ளி கற்பிக்கும் ஒரு விளையாட்டு. அவ்விளையாட்டின் விதியை அறியாமை அறிவின்மையாகாது. 1987 இல் ஜேம்ஸ் ஃபிளின் பதினான்கு நாடுகளின் நுண்ணறிவுச் சோதனைப் பெறுபேறுகளைத் தொகுத்து, தலைமுறைக்குத் தலைமுறை அவை பெரிதும் உயர்ந்து வந்திருப்பதைக் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் மனிதரின் பிறவி மாறிவிடாது. மாறியது பள்ளியும் சூழலுமே.

உஸ்பெக்கிஸ்தானம் தொலைவிலுள்ளது என்பார், இறத்தோட்டையை நோக்குக. திசை வினாக்களிலே ஒருவன் வடக்கே ஐந்து மீற்றர் நடந்து, வலப்புறம் திரும்பி, மேலும் பத்து மீற்றர் நடக்கின்றான். அவன் நடப்பது மேடுபள்ளமற்ற தாளிலே. தோட்டத்துப் பிள்ளை நடப்பதோ மலையிலே. அதன் உலகம் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பகுக்கப்பட்டது. தமிழிலே மேற்கு என்னும் சொல் 'மேல்' என்பதோடும் கிழக்கு என்னும் சொல் 'கீழ்' என்பதோடும் உறவுடையன. தமிழகத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்வதே அதற்குக் காரணம் என்பர். இறத்தோட்டைக்கோ நக்கிள்ஸ் மலைத்தொடர் கிழக்கே நிற்கின்றது. அங்குள்ள பிள்ளைக்குக் கிழக்கே 'மேல்', மேற்கே 'கீழ்'. மொழி ஒன்று சொல்ல மலை வேறொன்று சொல்ல, அப்பிள்ளை ஒருகணம் தயங்குவது இயல்பு. தொண்ணூறு விநாடியில் அத்தயக்கத்துக்கு இடமில்லை.

உறவுமுறை வினாக்கள் இதனினும் விநோதமானவை. ஒரு பெண் ஓர் ஆடவனைச் சுட்டி, இவர் என் தாயின் தம்பி என்கின்றாள். அவன் அவளுக்கு யாது முறை? தந்தை, மாமன், கணவன், மைத்துனன் என நான்கு விடைகள். மாமன் என்பதே சரியாம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியிலே பலரை இழந்து, மாத்தளையை வந்தடைந்த மக்களின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்பவர்கள். தாய்மாமனை மணக்கும் வழக்கையும், அத்தை மகனை மணக்கும் வழக்கையும் அவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்தனர். இம்மக்களிடையே தாயின் தம்பி மாமனாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை, மாமியாரும் அத்தையே. இவ்வகை வினாக்கள் ஆங்கிலத்திலே தோன்றியவை. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழியிலே அவை புதிர்கள். தமிழிலோ ஒன்றில் புதிராகவே இருப்பதில்லை, அன்றேல் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தருகின்றன. நான்கு விடைகளுள் இரண்டு சரியென்று கண்டுகொண்ட பிள்ளை நுண்ணறிவிற் குறைந்ததா, மிக்கதா என்பதை வினாத்தாள் ஆக்குவோரே சொல்லட்டும்.

தோட்டத்துப் பிள்ளையிடம் தருக்கம் இல்லையென்று எண்ணுதல் பெரும் பிழை. தாயின் கொழுந்து நிறை குறித்த அளவுக்கு எட்டாத நாளில் அரைப்பேர் விழும் என்பதை அது அறியும். மாத முடிவிலே சம்பளச் சிட்டையை விரித்து, முழுப்பேர் இத்தனை, அரைப்பேர் இத்தனை, கழிவு இவ்வளவு, ஆகவே ஒருநாள் கணக்கில் விடுபட்டிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துத் தாய்க்கு உரைக்கும் பிள்ளைகள் உள்ளன. நிபந்தனை, விலக்கு, முடிபு யாவும் அதிலே உண்டு. பிழைத்தால் வீட்டிலே அரிசி குறையும் என்னும் கண்டிப்பும் உண்டு. அத்திறமைக்கு எந்த வினாத்தாளிலும் ஒரு புள்ளியும் இல்லை.

அளவுகோலை ஆக்கியவர்களே அதனை இவ்வாறு பயன்படுத்த எண்ணவில்லை. பிரான்சிலே அல்பிரட் பினே 1905 இல் சிமோனுடன் சேர்ந்து நுண்ணறிவுச் சோதனையை வகுத்தது, படிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டு அவர்க்குத் தனியுதவி செய்வதற்கே. அறிவு கூட்டவும் குறைக்கவும் இயலாத ஓர் அளவு என்னும் கருத்தை அவர் வன்மையாக மறுத்தார். இங்கிலாந்தோ 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பின் பதினொரு வயதுப் பிள்ளைகளை அச்சோதனையாற் பிரித்தது. அதற்கு அறிவியற் சான்று அளித்தவர்களுள் முதன்மையானவரான சிறில் பர்ட்டின் இரட்டைப்பிள்ளை ஆய்வுத் தரவுகள் 1970களில் பெரும் ஐயத்துக்கு உள்ளாயின. அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகள் அப்பரீட்சையைக் கைவிட்டன. இலங்கையோ பதினொரு வயதுவரைகூடக் காத்திராமல் பத்து வயதிலேயே பிள்ளையை நிறுக்கின்றது.

தருக்கப் பயிற்சியே வேண்டா என்பது இவற்றின் பொருளன்று. தமிழ் அதனை வேண்டாவென்று சொன்ன மொழியுமன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பௌத்த அளவையியலை விரிவாக உரைப்பது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் முறைப்பட வகுப்பது. திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரையை அருகிலே கொண்ட மாத்தளைக்கு அம்மரபு அந்நியமும் அன்று. மலையிலே நெருப்புண்டு, புகையுண்மையால் என்று சொன்னால் அம்மரபிலே போதாது. அடுக்களை போல என்று, கண்டறிந்த உலகிலிருந்து ஒரு திட்டாந்தம் காட்ட வேண்டும். போலியைப் போலியென்று இனங்காணவும் வேண்டும். இன்றைய பயிற்சியிலே திட்டாந்தமும் இல்லை. போலியை ஆராய்தலும் இல்லை. ஏன் என்று கேட்டாலோ, நேரம் போகிறது என்னும் விடையே கிடைக்கின்றது. ஆயிரம் புதிர்களை விடுவித்த இளைஞன் ஒரு தேர்தல் மேடைப் பேச்சிலுள்ள ஏதுப்போலியைக் காணத் தெரியாதவனாய் இருப்பதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆதலின் இரண்டில் ஒன்று செய்யப்பட வேண்டும். உளச்சார்பு கற்பிக்கத்தக்கதெனின், அது பாடநேர அட்டவணையில் இடம்பெற்று, பயிற்றப்பட்ட ஆசிரியரால், கம்மடுவையிலும் கந்தேநுவரையிலும் நகரத்திற் போலவே கற்பிக்கப்பட வேண்டும்; தமிழ்மொழி வினாக்கள் தமிழிலேயே சிந்தித்து ஆக்கப்பட வேண்டும். கற்பிக்கத்தக்கதன்று எனின், கற்பித்தாற் கூடும் புள்ளியைப் பிறவித் தகைமையென்று எண்ணிப் பாடசாலைக் கதவைத் திறத்தலும் மூடுதலும் நிறுத்தப்பட வேண்டும். கற்பிக்கமாட்டோம், ஆனால் அளப்போம் என்னும் மூன்றாம் நிலையே இன்று நடைமுறையில் உள்ளது.

விடுமுறைக் காலங்களிலே தோட்டங்களுக்குச் சென்று இலவசக் கருத்தரங்கு நடத்தும் பல்கலைக்கழக மாணவருக்கும் இதில் ஒரு பங்குண்டு. அவர்களின் நன்னோக்கம் போற்றத்தக்கது. அவர்களுட் பலர் அதே லயங்களிலிருந்து வந்தவர்கள். ஆயினும் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு ஒரு கட்டு மாதிரி வினாத்தாளைச் சுமந்து சென்று, நகரத்து வகுப்பு மூன்றாண்டிற் செய்ததை இரண்டு நாளிலே செய்ய முயல்கின்றார்கள். அவ்விரு நாளில் நாற்பது வினாக்களுக்கு விடை சொல்லிக் கொடுப்பதைவிட, நான்கு வினாக்களை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, இவ்விடையை ஏன் தெரிந்தாய், மற்ற மூன்றையும் ஏன் தள்ளினாய் என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கலாம். பிள்ளை தள்ளிய விடைகளுள் சரியானது ஒன்று இருக்குமாயின் அதனைக் குறித்துவைத்து, பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதலாம்.