கொல்லையில் ஒரு கணப்பு

தாம்பரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் சிலருக்குப் புது ஆசை ஒன்று பிறந்திருக்கிறது. கொல்லைப்புறம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டு, நடுவே வட்டமாகப் பள்ளம் வெட்டி, அதில் விறகை எரித்துச் சுற்றி உட்கார வேண்டுமாம். 'பேட்டியோ' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. பனி கொட்டும் சீமையில் கணப்பு வேண்டும், நியாயம். ஜனவரி மாத விடியலில்கூடச் சராசரியாக 21 டிகிரி இருக்கும் சென்னையில் யார் குளிர்காயப் போகிறார்கள்?

போகட்டும். நெருப்பின்மீது எனக்கு விரோதம் இல்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி வெந்நீர் போட்ட பாட்டிமார்களின் வம்சம் நாம். என் சண்டையெல்லாம் அந்தச் சிமெண்டோடுதான்.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, ஜனங்களைப் படகில் மீட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபதடிக்குப் பத்தடிக் கொல்லை ஒன்றில் மட்டும் அன்று விழுந்தது சுமார் 9,000 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி நிறைய! மண்ணாயிருந்தால் முடிந்தமட்டும் குடித்திருக்கும். சிமெண்டோ ஒரு சொட்டும் குடிக்காமல் தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தள்ளிவிடும். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டன. வெள்ளத்தில் நின்ற ஜனங்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைச் சர்க்கார் கட்டாயமாக்கியது. சட்டத்துக்காகக் குழாயை வைத்தோம். மனசாரக் கொல்லையை மூடினோம்.

"மண்ணை விட்டுவைத்தால் சேறாகிறதே, கூட்டிப் பெருக்க முடியவில்லையே" என்பார்கள். சேற்றுக்குச் சிமெண்டு ஒன்றுதானா மருந்து? முதல் தடவையாகக் கைவைப்பவரும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மண்ணை அரை அடி வெட்டி, ஜல்லியைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இறுக்கி, மேலே மணல் பரப்பி, அதன்மேல் செங்கல்லையோ கல்லையோ வரிசையாகப் பதியுங்கள். இடுக்குகளில் மணலைத்தான் நிரப்ப வேண்டும். சிமெண்டுக் கலவை கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் இருக்கட்டும். காலில் சேறு ஒட்டாது. மழையும் கீழே இறங்கும்.

நெருப்பும் வேண்டுமா? பள்ளம் வெட்டாதீர்கள், ஐப்பசி பிறந்தால் அது குட்டை, கொசுவுக்குத் தொட்டில். தரைக்கு மேலே செங்கல்லை வட்டமாக அடுக்கிக் களிமண்ணால் பூசுங்கள். அழகுக்காக ஆற்றுக் கூழாங்கல்லை வைக்காதீர்கள். ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடிக்கும். பழைய டயரும் பிளாஸ்டிக்கும் அதில் விழவேண்டாம். 2018 போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க வழியின்றித் தவித்தன.

பள்ளம் வெட்டியே தீரவேண்டும் என்று கை அரிக்கிறவர்கள், மொட்டைமாடிக் குழாய் இறங்கும் மூலையில் வெட்டட்டும். ஜல்லியும் மணலும் நிரப்பி மழைநீரை அதில் விடட்டும். தாம்பரத்துக் கொல்லைக்கு வேண்டிய பள்ளம் அதுதான். தண்ணீர் லாரிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அதனால் நஷ்டம் இல்லை.