போர்த்த வேண்டியது மண்ணை, செடியை அல்ல



"வீடியோ பார்த்து மூடாக்குப் போட்டோம் சார், கத்தரிச்செடி எல்லாம் அழுகிப்போச்சு" என்று பழைய மாணவர்கள் சிலர் சொல்கிறார்கள். மூடாக்கே நம் ஊருக்கு ஆகாது என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கு மூடாக்குதான் முதல் தேவை. குறை, போடும் முறையில் இருக்கிறது.

நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே முடிந்துவிடும். கரிசல் மண் ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு வழியே அடி ஈரம் வெளியேறும், வேரும் அறுபடும். தண்ணீரை விலைக்கு வாங்குகிற தெருக்களில், செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு குடமும் காசு. அது வெயிலுக்குப் போகாமல் காப்பது மூடாக்கு. 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய நம்மாழ்வார் ஐயா, பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் இதைத்தான் வலியுறுத்தினார்.

ஆனால் முறை தெரிந்து போட வேண்டும்.

1. தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். காய்கறிச் செடிக்கு நான்கு விரற்கடை, மரக்கன்றுக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்டு எப்போதும் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடித்து அழுகும். பப்பாளிதான் முதலில் சாயும். சருகு தண்டைத் தொட்டால் கரையானும் ஏறும்.

2. மண்ணை நன்றாக நனைத்த பிறகு போடுங்கள். காய்ந்த மண்மேல் போட்டால் சிறு தூறலைச் சருகே குடித்துவிடும்.

3. இரண்டு, மூன்று அங்குல கனம் போதும். பச்சைப் புல்லை அப்படியே குவித்தால் சூடேறும். இரண்டு நாள் காயவிட்டுப் பரப்புங்கள்.

4. விதைத்த பாத்தியில் உடனே மூடாதீர்கள். நாற்று ஒரு சாண் வளரட்டும்.

5. அடைமழைக் காலத்தில் ஒதுக்கி வையுங்கள். கரிசலில் தண்ணீர் சீக்கிரம் வடியாது. மழை விட்டதும் மறுபடி பரப்பலாம்.

6. எதைப் போடுவது? வேப்பஞ்சருகு, நிலக்கடலைத் தொலி, நறுக்கிய தென்னை ஓலை எல்லாம் நல்லவை. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்கியிருந்தால் மட்டும் போடுங்கள். சீமைக்கருவேல் இலை மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும், நெற்றோடு விதையும் வந்துவிடும். அது வேண்டாம். மரத்தூளை மேலே தூவலாம், மண்ணோடு கிளறக் கூடாது. அது மக்கும்போது செடிக்கு உரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வைக்கோலும் சோளத்தட்டையும் மூடாக்குக்கு வேண்டாம். இந்த வறண்ட பூமியில் அவை மாட்டின் சோறு. கோடையில் ஒரு கட்டுக்கு அலைபவர்களைக் கேட்டால் தெரியும்.

அதற்குப் பதில், எரிப்பதை நிறுத்துங்கள். மாசி, பங்குனியில் வேம்பு சருகைக் கொட்டுகிறது. பள்ளி வளாகத்திலும் வீட்டு வாசலிலும் அதைக் கூட்டித் தீ வைக்கிறோம். புகையைப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். அடுத்த மாதமே செடி வாடுகிறது என்று தண்ணீர் லாரியைத் தேடுகிறோம். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: அந்தச் சருகை ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். பள்ளித் தோட்டத்துக்கு அதுவே போதும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டு கத்தரிச்செடிக்கு ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றுக்கு மட்டும் மூடாக்குப் போடுங்கள். மூன்றாம் நாள் இரண்டின் அடியிலும் விரலை விட்டுப் பாருங்கள்.