எல்லாமே 'பாசி' இல்லை

போன கிழமை பென்ரித்தில், நேப்பியன் ஆற்றங்கரையில் பார்பிக்யூ. கயாக்கில் போய்வந்த மாமா ஒருவர் துடுப்பில் சிக்கிய செடியை உதறிக்கொண்டே, "இந்தப் பாசியைக் கவுன்சில்காரன் வழிச்சு எறியக் கூடாதோ?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை.

துடுப்பில் இருந்தது ரிப்பன்வீட். பச்சை நாடா மாதிரி நீண்ட இலை, இங்கத்தைய சொந்தச் செடி. தூண்டில்காரர் தேடி அலையும் அவுஸ்திரேலியன் பாஸ் குளிர்காலத்தில் கழிமுகத்துக்கு இறங்கி முட்டையிடும். பிறகு நன்னீருக்கு ஏறி வரும் குஞ்சுகள் விரல் நீளம்கூட இருக்காது. வெறும் மணலில் அவை பெரிய மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் சாப்பாடு. செடிக்குள் என்றால் ஒளியலாம், நீரோட்டமும் தணியும். எஞ்சினியரிங் படித்த எனக்குப் பிடித்தது இன்னொன்று: பரப்பளவு. ஒவ்வொரு இலையிலும் வழுவழுப்பாக நுண்பாசி படியும், அதை மேயப் பூச்சிகளும் குட்டி இறால்களும் வரும், அவற்றைக் குஞ்சு தின்னும். ஒளிக்கிற இடத்திலேயே சாப்பாடு!

மாமா சொன்னது முழுப் பிழையும் இல்லை. அதே ஆற்றில் எகேரியா என்ற தென் அமெரிக்கச் செடியும் இருக்கிறது, மீன்தொட்டிச் செடியாக விற்கப்பட்டது. அது அடர்ந்து மூடினால் மற்றச் செடிகளுக்கு வெளிச்சம் இல்லை, இரவில் தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். அதை எடுக்கச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன். ரிப்பன்வீட்டையும் சேர்த்து வழிப்பதற்குப் போடமாட்டேன்.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறீர்களா? அலுத்துப்போனால் செடியை ஆற்றிலோ வடிகாலிலோ கொட்டாதீர்கள். நன்றாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.