நோய்க்குப் பேர் தெரியாத மாசங்களுக்குப் பணம் வெச்சிருக்கீங்களா?

மெடிக்ளெய்ம் எடுத்தாச்சு, இனி கவலை இல்லைன்னு நீங்க நினைச்சா, எங்க அக்கா கதையைக் கேளுங்க.

அக்கா இருக்கிறது மன்னவனூர். கொடைக்கானல்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர். தினமும் காலையில ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாது. பூண்டுக் காட்டுல வேலை செய்யற கை. "மலைக் குளிருக்கு அப்படித்தான்"னு ஊரும் சொல்லுச்சு, முதல்ல பார்த்த டாக்டரும் சொன்னார். அடுத்தவர் சிக்குன்குனியா வலின்னார். இன்னொருத்தர், ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட் நெகட்டிவ், அதனால முடக்குவாதம் இல்லைன்னு அனுப்பிட்டார். அந்த டெஸ்ட் நெகட்டிவா இருந்தும் அந்த நோய் இருக்கலாம். மதுரையில ஒரு ருமட்டாலஜிஸ்ட் அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள 14 மாசம் போயிடுச்சு.

உடம்போட எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குற ஆட்டோ இம்யூன் நோய் இது. 2022-ல நடிகை சமந்தா தனக்கு இருக்குன்னு சொன்ன மயோசிட்டிஸும் இந்த வகைதான்.

அந்த 14 மாசத்துக்கு நான் கணக்கு எழுதிப் பார்த்தேன். ஃபீஸ், டெஸ்ட், ஸ்கேன், வண்டி வாடகை, போன கூலி எல்லாம் சேர்த்து 61,000 ரூபாய். பாலிசியில வந்தது பூஜ்யம். சாதாரண பாலிசி அட்மிட் ஆனாத்தான் பணம் தரும், ஓ.பி. செலவு நம்ம கைக்காசு.

நடுவுல காசில்லாம மூணு மாசம் அக்கா டாக்டர்கிட்டயே போகலை. அப்போதான் ரெண்டு விரல் கோணிப்போச்சு. அரிச்ச மூட்டை மாத்திரை திருப்பித் தராது. பிரீமியம் கட்டினது நான்; அதோட என் கடமை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். அக்காவும் கேக்கலை.

அதனால சொல்றேன், இன்சூரன்ஸ் மட்டும் போதாது. மூணு விஷயம் பண்ணுங்க:

1. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, ஓ.பி. செலவுக்குன்னு தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. அப்பா அம்மாவையும் அதுல சேர்த்துக்கணும்.

2. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியா ஒரே ஃபைல்ல வைங்க. வீக்கம் இருக்கும்போதே போட்டோ எடுங்க. மத்தியானம் டாக்டரைப் பார்க்கும்போது அது வடிஞ்சிருக்கலாம்.

3. கம்பெனி பாலிசியை மட்டும் நம்பாம, உடம்பு நல்லா இருக்கும்போதே சொந்தப் பாலிசி எடுங்க. நோய்க்குப் பேர் வராட்டியும், பாலிசிக்கு முந்தின 36 மாசத்துல அதுக்கு சிகிச்சை எடுத்திருந்தாலே அது ஏற்கெனவே இருந்த நோய்தான். காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் இருக்கும். மறைச்சா க்ளெய்மே போகும்.

இன்னிக்கே வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. பிரீமியம் கட்டியாச்சான்னு கேக்காதீங்க. எங்கயாவது வலிக்குதா, டாக்டர்கிட்ட போகக் காசு இருக்கான்னு கேளுங்க.