நேர அட்டவணை மட்டும் போதுமா?

பரீட்சைக் காலம் நெருங்கும்போது மாணவர்களுக்கான வழிகாட்டல் கருத்தரங்குகள் வடபுலக் கிராமங்களிலும் நடைபெறுவது வழமை. அதிகாலை நான்கு மணிக்கு எழுவது முதல் இரவு பத்து மணிக்கு உறங்குவது வரை மணிக்கணக்காய்ப் பிரிக்கப்பட்ட அட்டவணையொன்று கரும்பலகையில் எழுதப்படும். மாணவரும் அதனைப் பார்த்தெழுதிக்கொண்டு வீடு செல்வர். அவ்வட்டவணை ஒரு வாரமேனும் நின்றுபிடிப்பதில்லை என்பதைப் பெற்றோர் நன்கறிவர். இதற்குப் பிள்ளைகளின் சோம்பலை மட்டுமே காரணங்காட்டுவது நியாயமாகாது.

மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்கில், ஏ-32 வீதியை அண்டியுள்ள இலுப்பைக்கடவையை எடுத்துக்கொள்வோம். வயலையும் கடலையும் நம்பி வாழும் கிராமம் அது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2024 இலும் 2025 இலும் நவம்பர் மாதத்திலேயே ஆரம்பமானது. வடகீழ்ப் பருவமழையும் பெரும்போக வேலைகளும் ஒருசேர வரும் மாதம் அது. வெள்ளம் காரணமாக 2024 நவம்பர் 27 இல் இடைநிறுத்தப்பட்ட பரீட்சை, டிசம்பர் 4 இலேயே மீண்டும் தொடங்கியது. மறு ஆண்டு டித்வா புயல் அதே மாத இறுதியில் பரீட்சையைக் குலைத்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த நாளில் சுவரில் ஒட்டிய அட்டவணையால் என்ன பயன்?

இப்பகுதி மாணவருக்கு இடையூறு புதிதன்று. 2008 இல் போர் இக்கரையோரத்தை அடைந்தபோது குடும்பங்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்தன. 2009 ஆகஸ்டில் மெனிக் பாம் முகாம்களில் இருந்தவாறே மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். அதற்கும் முன்னர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களின் பிள்ளைகள் புத்தளத்து அகதி முகாம்களில் கல்வியைத் தொடர நேர்ந்தது. இரு சமூகங்களும் அட்டவணைக்குள் அடங்காத காலத்தில் படித்தவைதாம்.

எனவே, எத்தனை மணி நேரம் படிப்பது என்பதைவிட, கிடைக்கும் அரை மணி நேரத்தில் எவ்வாறு படிப்பது என்பதே இங்கு முதன்மையான கேள்வி என நாம் கருதுகின்றோம். ஜேர்மனிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885 இலேயே மறதி எவ்வளவு விரைவானது என்பதைத் தம்மையே சோதித்துக் காட்டினார். அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. பாடத்தைத் திரும்பத்திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களின் பின் நடந்த சோதனையில் முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். பத்துக் கற்றல் முறைகளை ஒப்பிட்டு டன்லொஸ்கி குழுவினர் 2013 இல் வெளியிட்ட மதிப்பீடும், தன்னைத்தானே சோதித்தல், நாள் இடைவெளி விட்டு மீளக் கற்றல் ஆகிய இரண்டையுமே உயர்ந்த பயனுடையவை என்றது. மாணவர் பெரிதும் விரும்பும் மறுவாசிப்பும், வரிகளுக்கு மஞ்சள் நிறம் பூசுவதும் கீழ்நிலையில் வைக்கப்பட்டன.

இவை நமக்குப் புதியன என்று எண்ண வேண்டியதில்லை. திருக்குர்ஆனை மனனம் செய்யும் மாணவன் அன்றைய புதுப் பாடத்தோடு, அண்மையில் ஓதியதையும் முன்னர் முடித்த பகுதியையும் நாள்தோறும் உஸ்தாதிடம் பாராமல் ஓதிக் காட்டுகிறான். இடைவெளி விட்டு மீட்டலும் சோதித்தலும் அதில் ஒன்றாகவே அமைந்துள்ளன. மதரசாவில் இவ்வாறு ஓதும் அதே பிள்ளை, விஞ்ஞானப் பாடத்தை மட்டும் பரீட்சைக்கு முதல்நாள் இரவில் வாசித்து முடிக்க முனைவது விந்தையே! தேவாரம் மனனம் செய்யும் சைவப் பிள்ளைக்கும், செபங்களை மனதில் கொண்ட கத்தோலிக்கப் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஆயினும் பொருள் விளங்காத நெட்டுருவை நாம் பரிந்துரைக்கவில்லை.

கடந்தகால வினாத்தாள்களைச் செய்கின்றோமே என மாணவர் கூறலாம். புள்ளித்திட்டத்தை அருகில் விரித்து வைத்துக்கொண்டு செய்வது சோதனையாகாது. முதலில் பிழைவிட வேண்டும். பின்னரே விடையைப் பார்க்க வேண்டும். பிழைத்த வினாவை இரண்டு நாளின் பின்னும், மறு வாரமும் மீண்டும் செய்வதற்கு ஒரு அப்பியாசக் கொப்பியைத் தவிர வேறு செலவில்லை. நகரத்து டியூசனுக்குப் பணமில்லாத குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று.

நேரத்தையும் கடிகாரத்தில் தேடாமல், தவறாது நிகழும் ஒன்றோடு பிணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. மஹ்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதோ, தந்தை கடலுக்குப் புறப்பட்ட பின்னரான அரை மணி நேரமோ அதற்குப் போதும். அப்பொழுதில் தண்ணீர் அள்ளவும் கடைக்குப் போகவும் பிள்ளையை, குறிப்பாகப் பெண்பிள்ளையை, அழைக்காதிருப்பது வீட்டாரின் பொறுப்பு.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 வீதத்தில் மன்னாருக்கும் பங்குண்டு. அச்சலுகையைக் காட்டி அதிகாரிகள் வாளாவிருந்துவிட முடியாது. நவம்பரில் வெள்ளம் வருமென்பது தெரிந்த விடயமாதலால், அம்மாதத்துக்குரிய மீட்டல் வினாக்களை ஒக்டோபரிலேயே அச்சிட்டு மாணவர் கைகளில் கொடுப்பது வலயக் கல்வி அலுவலகங்களால் இயலாத காரியமன்று. ரமழான் விடுமுறைக்கு முன்னர் முஸ்லிம் பாடசாலைகளும் இதனைச் செய்யலாம். ஒவ்வொரு பாடவேளையின் முதல் பத்து நிமிடங்களைச் சென்ற வாரப் பாடத்தின் வினாக்களுக்கு ஒதுக்குவதற்கோ எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. ஆசிரியர்கள் அதனை நாளைக்கே தொடங்கலாம்.